தடுப்பூசியால் தோள்மூட்டுக் காயம்: அமெரிக்கச் சட்டத்தில் நட்டஈடு

போரில் காயப்பட்ட எம்மவர்களிடம் பல வருடங்கள் கழித்து, “எப்போது நடந்தது? துண்டு இருக்கிறதா?” என்று கேட்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வேறு நாடுகளின் நட்டஈட்டுச் சட்டங்களைத் தேடிப் படிக்கிறேன். அமெரிக்காவின் தடுப்பூசிக் காயச் சட்டம் அவற்றில் ஒன்று. அங்கு வாழும் எம் உறவுகளுக்கு அது நேரடியாகவும் பயன்படும்.

ஊசி போட்ட கை ஓரிரு நாட்கள் நோவது வழமை. நான் சொல்வது அதையல்ல. ஊசி கையின் தசையில் ஏறாமல், அளவுக்கு மேலே தோள்மூட்டுப் பக்கம் ஏறினால் மூட்டைச் சுற்றியுள்ள இழையங்களில் அழற்சி ஏற்படலாம். சிலருக்குக் கையை உயர்த்தவோ சட்டை போடவோ முடியாத நிலை மாதக்கணக்கில் நீடிக்கும். இது அரிது. ஊசி ஏற்றப்பட்ட இடமே இங்கு முக்கியம் என்பதால், தடுப்பூசியைத் தவிர்க்க இது காரணமாகாது.

அமெரிக்க காங்கிரஸ் 1986 இல் இயற்றிய சட்டத்தின்படி தடுப்பூசிக் காயங்களுக்கான நட்டஈட்டுத் திட்டம் 1988 இல் தொடங்கியது. தோள்மூட்டுக் காயம் 2017 இல் அதன் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அட்டவணையின் நிபந்தனைகள் பொருந்தினால், ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை.

அந்த நிபந்தனைகள் இவை: ஊசிக்கு முன் அந்தத் தோளில் நோவோ வேறு கோளாறோ இருந்திருக்கக் கூடாது. நோ 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். நோவும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும். அதை விளக்கக்கூடிய வேறு நோய் இருக்கக் கூடாது. இவற்றுக்கு மேலாக, பாதிப்பு பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து மூன்று வருடங்களுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

வேதனைக்கான நட்டஈட்டின் உச்சவரம்பு 250,000 டொலர். மருத்துவச் செலவும் இழந்த வருமானமும் இதற்குப் புறம்பானவை. வழக்கு நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் தொடுக்கப்பட்டிருந்தால், தோற்றாலும் சட்டத்தரணியின் கட்டணத்தைத் திட்டமே செலுத்தலாம். தடுப்பூசிகள் மீதான வரியிலிருந்தே இந்த நிதி திரட்டப்படுகிறது. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயமில்லை.

கொவிட் தடுப்பூசிக்கு இருப்பது வேறு திட்டம். அதற்கு ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேதனைக்கு நட்டஈடு இல்லை. சட்டத்தரணியின் செலவும் கிடைக்காது.

எனவே அங்குள்ள உறவுகளுக்கு நான் சொல்வது இதுதான். நோ குறையவில்லை என்றால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போங்கள். எந்தக் கையில் ஊசி போடப்பட்டது, நோ எந்த நாளில் தொடங்கியது என்பவற்றை அவரது குறிப்பில் பதியச் செய்யுங்கள். ஊசி அட்டையையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். தவறை நிரூபிக்கும் சுமையைச் சட்டம் இறக்கி வைத்திருக்கிறது. காயம் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும் சுமை இன்னும் காயப்பட்டவரிடமே இருக்கிறது.