கைச்சீட்டும் அரசு முத்திரையும்

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. மாகாணத்தின் நிலக்கிழார்களும் ஓய்வூதியர்களும் சிறுவணிகரும் தம் சேமிப்பை அங்கே வட்டிக்கு வைத்திருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. எஞ்சிய சொத்தைத் திவால் நீதிமன்றம் பங்கிட்டது. அந்த வீழ்ச்சியின் வலியிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. எனினும் வைப்பாளரைக் காப்பதற்கென்று தனிச்சட்டம் எதுவும் அப்போது எழவில்லை. அத்தகைய சட்டம் சென்னையில் வருவதற்கு இன்னும் 91 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் அரசு வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. வைத்தவரைப் பற்றியன்று, வாங்கியவரைப் பற்றியே அதன் கவலை முதலில் எழுந்தது. 1895இல் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண உழவரின் கடன் 45 கோடி ரூபாய் என்று கணித்தார். 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதனை 150 கோடி என்றது. 1935இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை 200 கோடி என்றது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருளின் விலை சரிந்தது; கடன் பத்திரத்தில் எழுதப்பட்ட தொகை மட்டும் சரியவில்லை. முன்பு ஒரு வண்டி நெல் விற்று அடைத்திருக்கக்கூடிய வட்டிக்கு இப்போது இரண்டு வண்டி நெல்லும் போதாமற்போயிற்று.

அக்காலக் கடனின் உயிர்நாடி புரோநோட்டு என்று ஊரார் அழைத்த கைச்சீட்டு. அதற்கு மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. அதற்குள் வழக்குத் தொடராவிடில் கடன் காலாவதியாகும். ஆகவே மூன்றாண்டு முடியுந்தறுவாயில் அசலையும் நின்றுபோன வட்டியையும் கூட்டி, அந்த மொத்தத்தையே புதிய அசலாக எழுதிப் புதுக் கைச்சீட்டு வாங்குவது வழக்கம். நூறு ரூபாய், ஆண்டுக்கு 12 விழுக்காட்டுத் தனிவட்டி என்று கொள்வோம். முதல் மாற்றத்தில் அது 136 ஆகும். இரண்டாவதில் ஏறத்தாழ 185. நான்காம் முறை, அதாவது பன்னிரண்டு ஆண்டில், 342. இதில் எங்கும் பொய்க்கையெழுத்து இல்லை, கள்ளக்கணக்கு இல்லை. ஒவ்வொரு தாளும் முறையாக எழுதப்பட்டது; ஒவ்வொன்றிலும் கடனாளி தானே கையொப்பமிட்டிருந்தார். வாங்கியது நூறுதான் என்பது மட்டும் கடைசித் தாளில் எங்கும் தெரியாது. வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் நிலத்தை நம்பி வாழ்ந்த எவர் வீட்டுக்கும், அவற்றுள் சமணக் குடும்பங்களும் அடங்கும், இந்தக் கணக்கு அயலானதாக இருந்திருக்க இயலாது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பணக்கடன் கொடுக்கும் தொழிலை மாகாணங்களின் அதிகாரத்தில் வைத்தது. 1937இல் பதவியேற்ற ராஜாஜியின் அமைச்சரவை அந்த அதிகாரத்தை உடனே கையிலெடுத்தது. சென்னை உழவர் கடன் நிவாரணச் சட்டம் 1938 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முந்திய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் நாளில் நிலுவையில் நின்ற வட்டி முழுதும் நீங்கியது. அசல் மட்டுமே தரவேண்டியிருந்தது. அசலைப் போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசலுக்கு மேல் அசல் வாங்கலாகாது என்பது பழைய தருமநூல்களிலேயே காணப்படும் நெறி. புதிய சட்டம் அதனை வேறு உருவில் மீட்டது. இவற்றினும் கூர்மையானது ஒன்றுண்டு. கைச்சீட்டு எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டிருந்தாலும், முதன்முதலில் கைமாறிய தொகையையே அசலாகக் கொள்ளவேண்டும் என்றது சட்டம். 342 என்ற தாளைப் புரட்டி, அதன் அடியில் கிடந்த நூறைத் தேடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வந்தது.

கடன் கொடுத்தோர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. அவர்களிற் பலர் பெருஞ்செல்வரல்லர். நகை விற்ற பணத்தை அண்டைவீட்டு உழவருக்குக் கொடுத்து அந்த வட்டியில் காலங்கழித்த கைம்பெண்களும் இருந்தனர். சட்டம் அவர்களையும் பெரிய லேவாதேவிக்காரரையும் ஒரே தராசில் நிறுத்தியது என்ற குறை அன்றே எழுந்தது. அது வீண்குறை என்று தள்ளத்தக்கதன்று. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றது. கைச்சீட்டு என்பது மத்திய அதிகாரத்துக்குரிய பொருள். மாகாணம் அதைத் தொடலாமா என்பது கேள்வி. வழக்குக்குரிய கடன் முன்னரே நீதிமன்றத் தீர்ப்பாணையாகிவிட்டது என்ற காரணத்தால் 1940இல் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தைக் காத்தனர். கேள்வியின் வேரை அவர்கள் தொடவில்லை. வங்காளத்தின் கடன் சட்டம் பற்றிய வழக்கில் 1947இல் லண்டன் பிரிவி கவுன்சில்தான் அதற்கு விடை தந்தது. சட்டத்தின் உள்ளக்கிடக்கை பணக்கடன் தொழிலைப் பற்றியதாயின், போகிற போக்கில் கைச்சீட்டைத் தொடுவது குற்றமாகாது என்பது அந்த விடை. 1950இல் அரசமைப்புச் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலப் பட்டியலின் 30ஆம் இனமாக நிலைநிறுத்தியது.

கைச்சீட்டை நம்பிக் கொடுப்பது ஆபத்து என்று தோன்றிய பிறகு, நகையை வைத்துக்கொண்டு கொடுப்பதே பாதுகாப்பு என்று எண்ணியோர் இருந்ததில் வியப்பில்லை. அடகுத் தொழிலுக்கான சென்னைச் சட்டம் 1943இல் வந்தது. அடகுக் கடைக்கு உரிமம் வேண்டும். வட்டிக்கு வரம்பு உண்டு. நகையை வைப்பவர் கையில் அடகுச் சீட்டு கொடுக்கப்பட வேண்டும். மீளாத நகையை உரிய முறையில் ஏலமிட்டு, கடன்போக மிஞ்சியதை உடையவரிடம் சேர்க்க வேண்டும். கடைவாயிலில் ‘அரசு உரிமம் பெற்றது’ என்று தொங்கும் பலகையின் மூலம் இதுதான். 1957இல் பொதுவாகப் பணக்கடன் கொடுப்போருக்கும் உரிமச்சட்டம் வந்தது.

இந்தச் சட்டங்களுக்குள் அடங்காத ஒன்று தமிழகத்தின் தெருத்தோறும் நடந்துவந்தது. அது சீட்டு. இருபது பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டால் பத்தாயிரம் சேரும். அவசரத்தில் இருப்பவர் 2500 தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்குக் கிட்டுவது 7500. தள்ளிய 2500இல் ஐந்நூறு சீட்டுப் பிடிப்பவரின் கழிவு; எஞ்சிய இரண்டாயிரம் இருபது பேருக்கும் தலைக்கு நூறாகத் திரும்பும். கடன் வாங்குபவரும் சேமிப்பவரும் ஒரே வட்டத்தில் அமர்ந்திருக்கும் இந்த ஏற்பாட்டில் வட்டி என்ற சொல்லே இல்லை. வட்டியைக் கூட்டமே ஏலத்தில் முடிவு செய்கிறது. வங்கி வாயிலை மிதித்தறியாத எத்தனையோ இல்லத்தரசிகள் மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் இந்த வட்டத்துக்குள்ளிருந்தே நடத்தி முடித்தனர். ஆனால் முதல் மாதமே எடுத்தவர் பிறகு போடாமல் நின்றாலும், பிடிப்பவரே ஓர் இரவில் ஊரைவிட்டுப் போனாலும் வட்டம் உடையும். கடைசிவரை பொறுமையாகக் காத்திருந்தவருக்கே இழப்பு மிகும் என்பது இதன் கொடுமை.

திருவிதாங்கூரும் கொச்சியும் இதற்குச் சட்டம் செய்வதில் சென்னையை முந்திக்கொண்டன. சென்னை மாநிலத்தின் சீட்டு நிதிச் சட்டம் 1961இல் வந்தது. 1982இல் நாடாளுமன்றம் நாடு முழுமைக்குமான சீட்டு நிதிச் சட்டம் இயற்றியபோது, அது தம் அதிகாரத்துக்குட்பட்டதா என்று சீட்டு நிறுவனங்கள் கேட்டன. சீட்டு என்பது கடன் கொடுக்கும் தொழிலன்று, அது ஒரு தனிவகை ஒப்பந்தம் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மத்தியச் சட்டம் நின்றது. சட்டம் தில்லியினுடையது, அதை நடத்துபவரோ மாநில அரசின் சீட்டுப் பதிவாளர். சீட்டு தொடங்குமுன் அவரிடம் அனுமதி பெறவேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையத்தை அவர் பெயரில் வைக்கவேண்டும். ஒவ்வொரு ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் அவரிடம் சேர்க்கவேண்டும். பூசல் எழுந்தால் தீர்ப்பவரும் அவரே. 5 விழுக்காடாக இருந்த பிடிப்பவரின் கழிவு வரம்பு 2019இல் 7 ஆயிற்று. இவ்வளவு வகுத்திருந்தும், பதிவில்லாமல் நம்பிக்கை ஒன்றின்பேரில் நடக்கும் தெருச்சீட்டுகள் இன்றும் உண்டு. பதிவாளர் மேசைக்கு அவற்றின் தாள் வந்தால்தானே அவர் பார்ப்பதற்கு.

1943ஆம் ஆண்டுச் சட்டமானாலும் 1961ஆம் ஆண்டுச் சட்டமானாலும் அரசு கைக்கொண்ட வழி ஒன்றே. எளியவர் கையில் எழுதிய தாள் ஒன்று இருக்கவேண்டும். கொடுத்தவரின் கணக்கு அரசு அதிகாரியின் கண்ணுக்குத் தெரியவேண்டும். 1990களில் அந்த நம்பிக்கை தகர்ந்தது.

அப்பத்தாண்டில் சிறுநகரங்களிலும் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ஆண்டுக்கு 24 விழுக்காடு, 30 விழுக்காடு, அதற்கும் மேல் என்று வட்டி தருவதாக அவை விளம்பரம் செய்தன. அவற்றிற் பல பங்குதாரர் கூட்டு வணிகங்கள். ரிசர்வ் வங்கியின் நேரடிக் கண்காணிப்புக்குள் சரிவர அடங்காதவை. பணிக்கொடையும் நிலம் விற்ற பணமும் அங்கே போய்ச் சேர்ந்தன. வைத்தவர் கையில் தாள் இல்லாமலில்லை. பளபளக்கும் அட்டையில் அச்சிட்டு முத்திரையிட்ட வைப்புச்சீட்டே இருந்தது. அந்தத் தாளுக்குப் பின்னால் சொத்து இல்லை, அல்லது பங்குதாரரின் உறவினர் பெயருக்கு மாறியிருந்தது. காவல் நிலையத்தில் மோசடி வழக்குப் பதிந்தால் ஒருவர் சிறைக்குப் போவார், பணம் திரும்பாது. உரிமையியல் நீதிமன்றத்தில் தனித்தனியே வழக்கிடுவதற்கோ ஓய்வூதியருக்கு ஆயுள் போதாது.

1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இந்த முடிச்சில்தான் கைவைத்தது. நாட்டில் இவ்வகையில் முதலாவது அதுவே. நிறுவனத்தின் சொத்தை மட்டுமன்றி, அதனை நடத்தியோரின் சொத்தையும், கெட்ட எண்ணத்தோடு பிறர் பெயருக்கு மாற்றிய சொத்தையும் அரசு முடக்கலாம். தனி நீதிமன்றத்தின் ஆணைப்படி விற்று வைப்பாளருக்குப் பங்கிடலாம். குற்றவாளிக்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு. எழுதிய தாளிலிருந்து சட்டத்தின் பார்வை முதன்முறையாகச் சொத்தின் பக்கம் திரும்பியது.

பழைய கேள்வி மீண்டும் வந்தது. வங்கியும் நிதியும் மத்திய அரசின் பொருளாயிற்றே, மாநிலம் இதில் எப்படி நுழையும்? 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் மகாராட்டிரத்தின் இதுபோன்ற சட்டத்தைச் செல்லாது என்றது. 2007இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தமிழ்நாட்டின் சட்டத்தைச் செல்லும் என்றது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சென்னையின் பக்கம் நின்றது. அதற்கு அது சுட்டிக்காட்டிய அதிகாரங்களுள் ஒன்று அந்த 30ஆம் இனம். ஆயின் 1997க்கும் 2011க்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அறுபது வயதில் பணம் வைத்தவருக்குச் சட்டம் உறுதியானபோது எழுபத்துநான்கு.

கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003இல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் என்ற சொற்கள் தமிழொலியிலேயே நிற்கின்றன; அவற்றுக்கு ஈடான சொல்லை ஆங்கிலத்தில் தேடிச் சட்டம் வரைந்தோர் சிரமப்படவில்லை. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. அதன் பின்னரும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்திருந்த ஒரு குடும்பத்தார் இரு குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டனர். சட்டம் இருந்தது, மனுவும் அலுவலகத்தில்தான் இருந்தது.

2025இல் கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க மாநிலம் இன்னொரு சட்டம் இயற்றியது. கைப்பேசி வழியே நிமிடத்தில் கடன் கொடுத்து, திருப்பித் தரத் தாமதமானால் கடனாளியின் உறவினரையும் நண்பரையும் அழைத்து இழிவுபடுத்துவோரும் அதன் வரம்புக்குள் வருவர். அந்தக் கடனுக்குக் கைச்சீட்டும் இல்லை, அடகுச் சீட்டும் இல்லை. கடனாளி படிக்காமலே விரலால் தொட்டு ஒப்பிய ஒரு திரை மட்டுமே உண்டு.