அகல டயர் மேல் விழுந்த பழி

மவுண்டன் பைக்கில் காலேஜ் போனால் ஒரே கிண்டல். "இவ்வளவு அகல டயர் ரோட்டில் எப்படிடா ஓடும்?" விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் புரட்டினேன்.

அகல டயர் மலையில் பிறக்கவே இல்லை நண்பர்களே! 1933-ல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி 2.125 அங்குல பலூன் டயர் சைக்கிளைக் கொண்டுவந்தது. தெருவில் ஓட்டும் சிறுவர்களுக்காகத்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கினார்கள். 1976-ல் ரீபேக் பந்தயம் தொடங்கியது. மண்ணைப் பிடிக்க பட்டன் டயர் வந்தது.

தார் ரோட்டில் வேகத்தைத் தின்பது அந்த பட்டன்கள்தான். ஒவ்வொரு சுற்றிலும் அவை நெளிந்து நம் மிதியை வீணாக்கும். காற்று குறைந்தால் இன்னும் மோசம். எடையும் எதிர்காற்றும் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அழுத்தத்தில் காற்றடித்தால் அகல டயர் குறைவாகவே நசுங்கும், லேசாக உருளும். ரோடு பந்தய வீரர்களே 23 மி.மீ. டயரை விட்டு 28 மி.மீ.க்கு வந்துவிட்டார்களே!

காமர்ஸ் மாணவனின் கணக்கு இதுதான்: சைக்கிளை விற்க வேண்டாம், வழவழப்பான டயர் இரண்டு வாங்கினால் போதும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?