பீட்டர்ஸ்பர்க் பாலே பித்தர்கள்: ஃபோக்கின் சுமத்திய பழி பற்றி ஒரு மறு ஆய்வு

ரஷ்ய பாலே வரலாற்றில் படைத்தவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பார்த்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அந்தக் குறைவான எழுத்திலும் பெரும்பகுதி, நடன அமைப்பாளர் மிகயில் ஃபோக்கின் வரைந்து வைத்த சித்திரத்தை ஒட்டியே செல்கிறது. மாரின்ஸ்கி அரங்கின் முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்த பாலே பித்தர்கள் நாடகத்தைப் பார்க்க வரவில்லை, நட்சத்திர ஆட்டக்காரியைப் பார்க்க வந்தார்கள். பழக்கமான சுழற்சிகளை எண்ணிக் கைதட்டினார்கள். புதுமைக்குக் குறுக்கே நின்றார்கள் என்பது அச்சித்திரம். ‘நீரோட்டத்துக்கு எதிராக’ என்பது அவருடைய நினைவுக் குறிப்புகளின் ரஷ்யப் பதிப்புக்கு வாய்த்த தலைப்பு. அந்த நீரோட்டத்தில் அரங்க நிர்வாகத்தோடு ரசிகர்களையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

இக்கட்டுரை அந்தச் சித்திரத்தை முற்றாக மறுக்கவில்லை. அது முன்வரிசையின் ஒரு பகுதியை, அதுவும் ஒரு காலகட்டத்தில் மட்டும், சரியாகக் காட்டுகிறது. அதை ரசிகர் கூட்டம் முழுவதற்கும் பொருத்தியதும், அதற்கு ஆதாரமாக 1904 என்ற ஆண்டை நிறுத்தியதும்தான் சிக்கல். (ரஷ்ய நிகழ்ச்சிகளின் தேதிகள் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி தரப்படுகின்றன.)

ரசிகர் கூட்டம் உருவான விதம்

1837 செப்டம்பர் 6 அன்று மரியா தாலியோனி பீட்டர்ஸ்பர்க்கில் ‘லா சில்ஃபீட்’ ஆடினார். அதே நாளில் மாஸ்கோவில் யெகத்தெரீனா சன்கோவ்ஸ்கயா அதே பாத்திரத்தை ஏற்றார். ஒரே நாளில் இரு நகரங்களில் இரு சில்ஃபுகள்; இரண்டு ரசிகர் முகாம்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சன்கோவ்ஸ்கயாவை மாஸ்கோப் பல்கலைக்கழக மாணவர்களும் எழுத்தாளர்களும் கொண்டாடினர். 1848-இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து யெலேனா அந்த்ரேயானோவா மாஸ்கோ வந்து ஆடியபோது, மேடையில் செத்த பூனை ஒன்று வந்து விழுந்தது. எறிந்தது சன்கோவ்ஸ்கயாவின் ஆதரவாளர் கூட்டம்.

இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு கதைக்குப் புகழ் அதிகம். 1842-இல் தாலியோனி விடைபெற்றபோது அவருடைய நடனக் காலணிகளை 200 ரூபிளுக்கு வாங்கி, சமைத்து, குழம்பு ஊற்றி ரசிகர்கள் தின்றார்கள் என்பது அக்கதை. வழங்கிவரும் வடிவத்தில் தொகை இருக்கிறது, குழம்பு இருக்கிறது; தின்றவர் பெயர் மட்டும் இல்லை. பூனைச் சம்பவத்துக்கு ஊர், அரங்கு, பாதிக்கப்பட்டவர் என்று எல்லாம் கிடைக்கின்றன. காலணிக் கதையைச் சான்றாக நான் கொள்ளவில்லை. ஆனால் ரசிகரைப் பைத்தியமாகக் காட்டும் மரபு எவ்வளவு பழையது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஃபோக்கின் எழுதத் தொடங்குவதற்கு வெகு முன்பே கேலிச்சித்திரம் தயாராக இருந்தது.

நூற்றாண்டின் பிற்பாதியில் கூட்டம் நிறுவனமாக இறுகியது. மாரின்ஸ்கியில் பாலேக்கு உரியவை புதன், ஞாயிறு மாலைகள். முன்வரிசை இருக்கைகள் சந்தாதாரர்களுக்கு உரியவை. சந்தா கிடைப்பது எவ்வளவு அரிது, கிடைத்ததை எப்படிக் குடும்பச் சொத்துப்போல் காத்தார்கள் என்பதைத் தமாரா கர்சாவினா 1930-இல் வெளியிட்ட ‘தியேட்டர் ஸ்ட்ரீட்’ நினைவுநூலில் விவரிக்கிறார். ஆட்டக்காரிகளின் பெனிபிட் நைட்டுக்கு இவர்கள் பணம் திரட்டி நகை வாங்கித் தந்தார்கள். மறுநாள் பத்திரிகையில் எழுதியவர்களும் பெரும்பாலும் இவர்களே.

எழுதிய ரசிகர்கள்

ஃபோக்கினின் சித்திரத்தில் இடம்பெறாத சிலரை இங்கே நிறுத்த வேண்டும். கான்ஸ்தந்தீன் ஸ்கல்கோவ்ஸ்கி சுரங்கத் துறையின் உயர் அதிகாரி. 1882-இல் பாலேயின் வரலாறு பற்றித் தனி நூல் எழுதினார். அரசு அரங்குகளின் தனியுரிமை அதே 1882-இல் நீங்க, தனியார் தோட்ட அரங்குகள் முளைத்தன. 1885 கோடையில் அப்படியொரு தோட்டத்தில் இத்தாலியர் வெர்ஜீனியா சுக்கி ஆடினார். ஸ்கல்கோவ்ஸ்கி முதலியோர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினர். அந்த ஆண்டு முடிவதற்குள் சுக்கி ‘ஃபாரோவின் மகள்’ பாலேயில் அரசு மேடை ஏறினார். அவரைத் தொடர்ந்து வந்த இத்தாலியர் வரிசையில்தான் பியரீனா லெஞ்ஞானி வந்தார். 32 சுழற்சிகளும் அவரோடு வந்தன. சுழற்சியை எண்ணும் ரசிகரை ஃபோக்கின் பழித்தார். அந்த நுட்பத்தையும், அதற்கு முன் சுக்கியின் நடிப்பையும் அரசு மேடைக்கு வரவழைத்ததில் அதே ரசிகருக்குப் பங்கிருந்தது.

செர்கே குதெகோவ் இன்னும் சிக்கலான ஆள். ‘பீட்டர்பூர்க்ஸ்கயா கஸெத்தா’ நாளிதழின் ஆசிரியர். 1877-இல் அரங்கேறிய ‘லா பயதேர்’ கதையமைப்பில் மரியஸ் பெட்டிபாவோடு இவர் பெயரும் இணைந்திருக்கிறது. பின்னாளில் நடன வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதினார். 1913-இல் தொடங்கிய அவ்வெளியீட்டின் நான்காம் தொகுதிப் பிரதிகளில் பெரும்பாலானவை தீக்கிரையாயின. இப்படியொரு மனிதரை ‘கைதட்ட வந்தவர்’ என்று ஒதுக்க முடியாது.

வணக்கமும் ஆண்டும்

இனி ஃபோக்கின் முன்வைக்கும் மையச் சான்றுக்கு வருவோம். ‘தாஃப்னிஸும் குளோயியும்’ கதையை பாலேயாக்க ஒரு திட்டம் எழுதி, அதற்குச் சீர்திருத்த முன்னுரை ஒன்றும் சேர்த்து, 1904-இல் அரசு அரங்க நிர்வாகத்துக்கு அனுப்பியதாக அவர் சொல்கிறார். நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்முன்னுரையில் ஒரு விதி ரசிகரை நேராகத் தொடுகிறது. நாடகம் இடையறாமல் நடக்க வேண்டும். கைதட்டலுக்காகவும் வணக்கத்துக்காகவும் ஆட்டம் நிற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்த விதியின் பின்னணியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய முறைப்படி நாயகி தன் தனியாட்டத்தை முடித்ததும் மேடை விளிம்புக்கு வருவாள். முதலில் ஜார் குடும்பத்தின் பெட்டிக்கு வணக்கம், அடுத்து நிர்வாகத்தின் பெட்டிக்கு, பிறகே பொதுமக்களுக்கு. ஒன்ஸ்மோர் கேட்டால் ஆட்டத்தை முதலிலிருந்து ஆடுவாள். அதுவரை காதலன் கைகட்டி ஓரமாக நிற்பான். கதையில் அவள் அந்த நேரம் துயரத்தில் துடித்துக்கொண்டிருந்தாலும் முறை மாறாது. ஃபோக்கினுக்கு இது அருவருப்பாக இருந்ததில் வியப்பில்லை. நாடகம் என்ற கோணத்திலிருந்து பார்த்தால் அவர் சொன்னது சரியே.

ஆனால் வணக்கத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலிடம் அரண்மனைக்கு, இரண்டாமிடம் சம்பளம் தரும் நிர்வாகத்துக்கு. பணம் கொடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு மூன்றாமிடம். நிர்வாகம் நியமித்த ஆட்டக்காரியைப் பற்றி அவர் அரங்குக்குள்ளேயே கருத்துச் சொல்லக் கிடைத்த வழி, கைதட்டலும் ஒன்ஸ்மோரும் மட்டுமே. அதை வெறும் பழக்கதோஷம் என்று ஃபோக்கின் எடுத்துக்கொண்டது, மேடையின் உள்ளிருந்து பார்த்ததன் விளைவு என்பது என் துணிபு.

ஆண்டு விஷயம் இன்னும் இடறுகிறது. இசடோரா டங்கன் முதன்முதலாக பீட்டர்ஸ்பர்க்கில் ஆடியது 1904 டிசம்பரில். முன்னுரை அதற்கு முந்தையது என்றால் ஃபோக்கினின் சீர்திருத்தம் எவர் தூண்டுதலும் இன்றி எழுந்தது என்றாகும். ரசிகர்களின் எதிர்ப்பும் அதே காலத்திலிருந்து கணக்காகும். பிற்கால ஆய்வாளர் பலர் இந்த ஆண்டை ஐயுறுகின்றனர். ஆவணத்தை 1907-க்குத் தள்ளுவோரும் உண்டு. நான் அவர்கள் பக்கம் சாய்கிறேன்.

நான் காட்டக்கூடிய துணைச்சான்று சிறியதுதான். அன்னா பாவ்லோவாவுக்காக ஃபோக்கின் அமைத்த ‘மரணிக்கும் அன்னம்’ நெடுங்காலம் 1905-ஐச் சேர்ந்தது என்றே நூல்களில் எழுதப்பட்டுவந்தது. அது அரங்கேறியது 1907 டிசம்பர் 22 அன்று, ஓர் அறக்கொடை நிகழ்ச்சியில் என்பதே இன்று ஏற்கப்பட்ட முடிவு. ஆக, ஃபோக்கினின் தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்றின் ஆண்டு, மரபுச் செய்தியில் இரண்டாண்டு முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. இன்னொன்றும் அதே திசையில் நகர்ந்திருக்கலாம். ஒரு நகர்வு இன்னொன்றை நிறுவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ‘1904’ என்பதைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஆசிரியரின் சொந்த வாக்குமூலம். அவ்வாக்குமூலத்துக்கோ தம் முதன்மையை நிலைநாட்ட வேண்டிய தேவை இருந்தது. அன்னத்தின் ஆண்டைத் திருத்திக்கொண்ட வரலாறு, முன்னுரையின் ஆண்டைத் தொடாமல் விட்டது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆவணம் 1907-ஐச் சேர்ந்ததென்றால் அது எழுந்த சூழலே வேறு. 1907 பிப்ரவரி 10-இல் ஃபோக்கினின் ‘யூனிஸ்’ அரங்கேறிவிட்டது. வெறுங்காலுக்குத் தடை இருந்ததால் காலுறைமேல் விரல்களை வரைந்துகொண்டு ஆடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய ‘ஆர்மிடாவின் மண்டபம்’ மாரின்ஸ்கிக்கு வந்தது. நிர்வாகம் அதை முழு ‘அன்னப் பொய்கை’க்குப் பின்னால், களைத்த கூட்டத்துக்கு முன் போட்டது. அந்த பாலேயில் அவரோடு பணியாற்றிய ஓவியர் அலெக்சாந்தர் பெனுவா தம் மனக்குறையைச் சொல்லப் பேட்டி கொடுத்த பத்திரிகை, குதெகோவ் வளர்த்த அதே ‘பீட்டர்பூர்க்ஸ்கயா கஸெத்தா’. கூட்டம் கலையவில்லை, நிகழ்ச்சி வென்றது. குறுக்கே நின்றது இங்கே நிர்வாகம். துணை நின்றது ரசிகர் வட்டமும் அதன் பத்திரிகையும்.

1904-தான் சரி என்று நாளை ஓர் ஆவணம் நிறுவினாலும் என் வாதத்தின் இப்பகுதி நிற்கும். அப்போது ஃபோக்கினின் பழி 1904-இன் முன்வரிசைக்குப் பொருந்தும். 1907-க்குப் பிறகு பொருந்தாது.

பாரிஸுக்குப் போன தளபதி

ரஷ்ய பாலேயைப் பாரிஸுக்குக் கொண்டுசென்ற 1909 பயணத்துக்கு முன்பு, அதன் அமைப்பாளர் செர்கே டியாகிலெவ் வீட்டில் கூடிய ஆலோசனைக் குழுவைப் பற்றி, டியாகிலெவின் பாலே குழுவுக்கு மேடை நிர்வாகியாக இருந்த கிரிகோரியேவ் எழுதியிருக்கிறார். பெனுவா, பாக்ஸ்த் போன்ற கலைஞர்களோடு அங்கே உட்கார்ந்திருந்த இருவரை நம் கேள்விக்காகத் தனியே குறிக்க வேண்டும். ஒருவர் ‘ஜெனரல்’ என்று அழைக்கப்பட்ட நிக்கொலாய் பெசொப்ராசோவ். முன்வரிசைப் பாலே பித்தருக்கு அச்சு அசலான உதாரணம். மற்றவர் விமர்சகர் வலேரியன் ஸ்வெத்லோவ். 1911-இல் ‘சமகால பாலே’ எழுதி ஃபோக்கினின் போக்குக்கு வாதாடியவர். பெசொப்ராசோவ் டியாகிலெவின் பாலே குழுவோடு அயல்நாடுகளுக்குப் போனார்; 1912-இல் மான்டி கார்லோவில் இறந்தார். ஃபோக்கினின் படைப்புகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்த்த பயணத்தில், ஃபோக்கின் பழித்த வகுப்பைச் சேர்ந்த ஒருவர் கடைசிவரை உடன் இருந்தார்.

மூன்றாவதாக விக்தர் தந்ரேயையும் சொல்லலாம். பாலே பித்தராகத் தொடங்கி, பாவ்லோவாவின் வாழ்க்கைத் துணையாகி, அவருடைய குழுவின் உலகப் பயணங்களை நிர்வகித்தவர். அப்பயணங்களில் ஊருக்கு ஊர் கைதட்டலால் வாழ்ந்தது ஃபோக்கினின் அன்னம்.

எதிர்ப்பக்கம்

எதிர்ச்சான்றுகளை மறைப்பதற்கில்லை. 1890-இல் ‘உறங்கும் அழகி’ அரங்கேறியபோது பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தனர்; ஆடம்பரக் காட்சி கூடி ஆட்டம் குறைந்துவிட்டது என்றனர். ஆந்த்ரே லெவின்சனைப் போன்ற கூர்மையான விமர்சகர் ஃபோக்கினை எதிர்த்தே எழுதினார். ஆனால் லெவின்சனின் எதிர்ப்பு பழைய பாலேயின் வடிவத்தைக் காக்கும் கோட்பாட்டிலிருந்து வந்தது. அதைச் சோம்பேறித்தனமான பழக்கத்தோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது.

‘உறங்கும் அழகி’ இன்னொன்றையும் காட்டுகிறது. முன்வரிசை சுளித்த அதே பாலேயை, அப்போது இருபது வயது நிரம்பாத பெனுவா திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அந்தப் பித்தை நண்பர்களுக்கும் தாம் தொற்றவைத்திராவிட்டால் டியாகிலெவ் குழுவே தோன்றியிருக்காது என்ற பொருள்பட அவர் பின்னாளில் எழுதினார். தற்பெருமை கலந்திருக்கலாம். ஆனாலும் ஒரே அரங்கில், ஒரே மாலையில், இருவகை ரசிகர் இருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சி வேண்டியதில்லை. முன்வரிசை எழுதிக் குவித்தது. ஆகவே ஃபோக்கின் கண்ணில் அதுவே பட்டது. மேல்தளக் காலரியில் நின்று, ஆட்டம் முடிந்ததும் கலைஞர் வாயிலில் காத்திருந்த மாணவர்கள் எழுதியது சொற்பம். அவர்களைப் பற்றிக் கர்சாவினா போன்ற ஆட்டக்காரிகளின் நினைவுக் குறிப்புகளிலிருந்தே பொறுக்க வேண்டியிருக்கிறது.

முடிவாக

1837 முதல் 1912 வரையிலான இந்த எழுபத்தைந்து ஆண்டில் பாலே பித்தர் மூன்று நிலைகளில் தெரிகிறார்: முகாம் கட்டும் பார்வையாளர், சந்தாவும் பத்திரிகையும் உடைய அதிகாரி, பயணக் குழுவின் பங்காளி. மாற்றம் எந்த ஆண்டில் நேர்ந்தது என்று கோடு கிழிக்க முடியாது. ஒரே மனிதர் மூன்றாகவும் இருந்திருக்கிறார். ஃபோக்கின் பார்த்தது இரண்டாம் நிலையை. அவருக்குக் கைகொடுத்தது மூன்றாம் நிலை.

அவருடைய நினைவுக் குறிப்புகளை நடன அமைப்பாளர் ஒருவரின் மனத்தாங்கலாகப் படிப்பதில் தவறில்லை. ரசிகர் வரலாற்றுக்கான ஆவணமாகப் படிப்பதில் தவறு உண்டு. இனி இத்துறையில் எழுதுவோர், ‘1904’ என்ற ஆண்டின் அருகே ஒரு கேள்விக்குறியாவது இட்டு எழுத வேண்டும்.