பெருங்குடியில் புறப்படாத கடலூர் ரயில்

பாலவாக்கத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், ஊரைப் பிளந்துகொண்டு போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. கால்வாயையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் தாண்டினால் பெருங்குடி. அங்கே 2007 முதல் பறக்கும் ரயில் நின்று போகிறது. அந்த நிலையத்தில் தொடங்கி மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை, சுமார் 180 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை வந்திருக்க வேண்டும். 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. இன்னும் தாளில்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்கு ஒரு முன்கதை உண்டு, ஒரு வளர்ச்சி உண்டு, நோயும் உண்டு.

இந்தத் தடத்தில் ரயிலுக்கு முன்பே தோணி ஓடியது. 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய், படிப்படியாகத் தெற்கே மரக்காணம் வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டிய துண்டுதான் வடக்கையும் தெற்கையும் இணைத்தது. உப்பும் விறகும் அதன் வழியே நகருக்கு வந்தன. பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போன அனுபவத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று கவிதையாக்கினார். கரையோர ஊர்களைத் தலைநகரத்தோடு கோக்கும் வழி இங்கே ஏற்கெனவே இருந்தது, மக்களும் அதைப் பயன்படுத்தினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது கரையை விட்டு விலகியது. எழும்பூர், செங்கல்பட்டு, விழுப்புரம் என்று உள்நாட்டு வழியில் பிரதான பாதை அமைந்தது. புதுச்சேரிக்கு 1879இல் விழுப்புரத்திலிருந்து ஒரு கிளை போட்டார்கள். அந்த முடிவின் விளைவை இன்றும் சுமக்கிறோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், ரயிலில் விழுப்புரம் சுற்றிப் போனால் இருநூறை நெருங்கும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சாலைத் தூரம் இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ரயிலில் போக நினைப்பவர் மேற்கே விழுப்புரம் வரை போய், மறுபடி கிழக்கே திரும்ப வேண்டும்: சுமார் 80 கிலோமீட்டர். 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரத்துக்கு ரயில் நிலையமே இல்லை. அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்துக்கும் பயணிகள் ரயில் கிடையாது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2008-09இல் கடற்கரைப் பாதைக்கு ஒப்புதல் வந்தது. அப்போதைய மதிப்பீடு ரூ.523 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு மூன்று கோடிக்கும் குறைவு. அந்தப் பணத்தை அப்போதே ஒதுக்கி, நிலத்தை எடுத்திருந்தால் இந்தக் கதை வேறாகியிருக்கும். நடந்ததோ வேறு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் பெருகப் பெருக மனை விலை ஏறியது. பெருங்குடிக்குப் பதிலாகச் செங்கல்பட்டிலிருந்து தொடங்கலாம் என்ற மாற்று யோசனை எழுந்தது. பிறகு பட்ஜெட்டில் ஆயிரம் ரூபாய் ஒதுக்கீடு பெறும் திட்டங்களில் இதுவும் ஒன்றானது. ஒரு திட்டம் ரத்தாகவில்லை என்று காட்டுவதற்காக எழுதப்படும் தொகை அது. ஆயிரம் ரூபாயில் ஒரு சென்ட் நிலமும் வாங்க முடியாது.

தடைகள் உண்மையானவை என்பதையும் சொல்ல வேண்டும். பெருங்குடியை ஒட்டியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022 முதல் சர்வதேச ராம்சர் ஈரநிலப் பட்டியலில் உள்ள தளம். தெற்கே முட்டுக்காடு உப்பங்கழி, பாலாற்று முகத்துவாரம், மரக்காணம் உப்பளங்கள், 2024இல் ராம்சர் தகுதி பெற்ற கழுவேலி ஏரி. எல்லாவற்றுக்கும் மேல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். பாதை எங்கே வளைகிறது, எங்கே பாலமாக உயர்கிறது என்பதை மிகுந்த கவனத்தோடு முடிவுசெய்ய வேண்டும். வருமானக் கணக்கு இன்னொரு தடை. புதிய பாதை ஆண்டுக்கு 14 விழுக்காடு வருமானம் தர வேண்டும் என்பது ரயில்வே நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல். சரக்கு அதிகம் இல்லாத, பயணிகளை நம்பிய பாதை அந்தத் தேர்வில் தேறுவது கடினம்.

சாலைக்கு யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. திருவான்மியூர் முதல் அக்கரை வரை ஆறு வழியாக அகலப்படுத்தும் பணிக்காகக் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை ரூ.2,100 கோடியில் மேல்மட்டச் சாலை கட்டப்போவதாக 2025-26 தமிழ்நாடு பட்ஜெட் அறிவித்தது. 180 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு முதலில் போட்ட மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு பணம், பதினான்கு கிலோமீட்டர் சாலைக்கு. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், எதற்கு மனம் இருக்கிறது என்பது விளங்கும். அதே பட்ஜெட் சென்னை, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் தடத்தில் மித அதிவேக மண்டல ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வையும் அறிவித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அதுவும் ஏற்கெனவே ரயில் ஓடும் வழி. கரையோரம் மறுபடியும் விடுபட்டது.

ஒரே பாதையை நம்புவதன் ஆபத்தை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் நின்றன, திருப்பிவிடப்பட்டன. கடற்கரைப் பாதைக்கும் புயல் ஆபத்து உண்டு. ஆயினும் இரண்டு பாதைகள் இருந்தால் ஒன்று அடைபடும்போது மற்றொன்று கைகொடுக்க வாய்ப்பிருக்கிறது.

இது முடியாத காரியம் இல்லை. மலையும் ஆறும் மறித்த மேற்குக் கரையில் கொங்கண் ரயில்வே 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கென்று 1990இல் ஒரு கழகம் அமைத்து, ரயில்வே 51 விழுக்காடும் மகாராஷ்டிரம், கர்நாடகம், கோவா, கேரளம் மீதியும் பங்கு போட்டன. கடன் பத்திரங்கள் மூலமும் பணம் திரட்டினார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் ரயில்வேயோடு சேர்ந்து அப்படி ஒரு கழகம் அமைக்கலாம்.

180 கிலோமீட்டரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்ததுதான் இந்தத் திட்டத்தை முடக்கியது என்று நினைக்கிறேன். பிரித்தால் நகரும். புதுச்சேரி–கடலூர் துண்டு சிறியது, இரு முனையிலும் அகலப் பாதை காத்திருக்கிறது. அதை முதலில் போடலாம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர், அது இரண்டாவது. சென்னைப் பகுதியில் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை வரவிருக்கிறது. நிலம் விலை உயர்ந்த நகரப் பகுதியை அது கடந்துவிடும். அங்கிருந்து மாமல்லபுரம் வரை இணைப்பு கொடுத்தால் பாலவாக்கத்துக்காரரும் காரை எடுக்காமல் கரையோரம் போகலாம். கல்பாக்கம், மரக்காணம் வழியான நடுப்பகுதியை ஈரநிலங்களைத் தொடாத தடம் கண்டபின் கடைசியாகப் போடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, நிலத்தைக் காப்பது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரித்து வருகிறது. தெற்கே போகும் ரயில் தடத்துக்கு அந்த வரைபடத்தில் இடம் ஒதுக்க வேண்டும். பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கும்போது பெருங்குடியில் இணைப்புக்கான இடத்தை விட்டுவைக்க வேண்டும். ரயில் பத்தாண்டு கழித்து வந்தாலும் காத்திருக்கலாம். கட்டடம் எழும்பிவிட்ட மண்ணில் பிறகு எந்த அரசாலும் தண்டவாளம் போட முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை வாசிகளும் கடலூர், புதுச்சேரி மக்களும் தங்கள் பிரதிநிதிகளிடம் இப்போதே கேட்க வேண்டியது இந்தத் தடத்துக்கான நிலத்தைத்தான்.