மீமுரேயின் வெடியுப்பும் பிளாற்றின வலையும்

மேகமில்லாத நாளொன்றில் ஹந்தானை உச்சியில் நின்று வடகிழக்கே நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். அங்கே மீமுரேக்கு அண்மையில் வெடியுப்புக் குகையொன்று உண்டு. கண்டி இராச்சியத்தின் வெடிமருந்துக்கு வேண்டிய உப்பு இத்தகைய குகைகளிலிருந்தே கிடைத்தது. 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஜோன் டேவி அக்குகைக்குச் சென்றார். அங்கு நடந்த வேலையை 1821இல் வெளியான தமது நூலில் விவரித்தார்.

பாறையைப் பெயர்த்துப் பொடியாக்கி, விறகுச் சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி ஆறவிடுவார்கள். உப்பு பளிங்காகத் திரளும்.

சாம்பல் எதற்கு? இத்தகைய குகை மண்ணிலுள்ள கல்சியம், மகனீசியம் நைத்திரேற்றுகள் ஈரத்தை உறிஞ்சுபவை, மருந்தைக் கெடுத்துவிடும். சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று அவற்றை வெடியுப்பாக மாற்றுகிறது. சாம்பலால் வெடியுப்பைச் சுத்திகரிக்கும் இம்முறையை 13ஆம் நூற்றாண்டிலேயே சிரியாவின் ஹசன் அல்-ரம்மாஹ் எழுதிவைத்திருக்கிறார். இரசாயனச் சமன்பாடு அறியாத காலத்தில், தூரத்துத் தேசங்கள் இரண்டில் ஒரே கைவினை!

வௌவால் எச்சம் போன்றவற்றிலிருந்து எழும் அமோனியாவை, மண்ணின் நுண்ணுயிர்கள் ஒட்சிசனோடு சேர்த்து நைத்திரேற்றாக்குகின்றன. மாதக்கணக்கில் நடக்கும் இக்காரியத்தையே இன்றைய ஆலை நொடியின் ஆயிரத்திலொரு பங்கில் செய்கிறது. ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பிளாற்றினமும் உரோடியமும் கலந்த வலையினூடாக அமோனியாவும் காற்றும் பாய்கின்றன. பிறக்கும் நைத்திரிக்கொட்சைட்டு குளிர்ந்து மேலும் ஒட்சிசனேற்றப்பட்டு, நீரில் கரைந்து நைத்திரிக்கமிலமாகிறது. பிளாற்றினத்தின் இப்பண்பை 1838இல் பிரான்சின் குல்மன் கண்டார். 1902இல் ஜேர்மனியின் ஒஸ்வால்ட் அதனைத் தொழில்முறையாக்கிக் காப்புரிமை பெற்றார்.

1914இல் போர் மூண்டது. சிலியின் வெடியுப்பு ஜேர்மனியை அடையாதவாறு பிரித்தானியக் கடற்படை தடுத்தது. ஆயினும் காற்றிலிருந்து அமோனியாவும், அமோனியாவிலிருந்து அமிலமும் பெறும் வழி ஜேர்மனியிடம் இருந்தது. குண்டுகள் ஓயவில்லை, போர் 1918 வரை நீண்டது. அதே அமிலத்திலிருந்து பயிருக்கான அமோனியம் நைத்திரேற்றும் பிறக்கிறது. பெய்ரூட் துறைமுகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று, 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

ஒஸ்வால்டுக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. மீமுரேப் பாறையைப் பெயர்த்தவர்களின் பெயர்கள் எம்மிடம் இல்லை. அவர்களது தொழிலும் இரசாயனவியலே. அமிலப் பாடத்தை நான் அந்தக் குகையிலிருந்தே தொடங்குகிறேன். பிளாற்றின வலை அதன் பிறகுதான் வரும்.