மணலில் எழுதிய முதல் எழுத்து



ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறும், மணிக்கூண்டு எழுந்த கதையும், இங்கே பணியாற்றிய குருக்களின் பட்டியலும் இடம்பெறுவது வழக்கம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டது, கோவிலுக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரையோடு நிற்கும் நம் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பைப் பற்றி. நம்முடைய பள்ளிகளில் சிறு பிள்ளைகள் எதைக் கற்றார்கள்? இன்று எதைக் கற்கிறார்கள்? கேள்வி சிறியதுதான். விடை நம் மனச்சாட்சியைத் தொடுவது.

பள்ளி என்னும் சொல்

நம் மாவட்டத்தில் எழுத்தின் வரலாறு கிறிஸ்தவர்களோடு தொடங்கவில்லை என்பதை முதலில் பணிவோடு ஒப்புக்கொள்வோம். அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகையின் கற்படுக்கையில், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. சமண முனிவர் தங்கிய இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கு அதுவே மூலம் என்பர் அறிஞர்.

பிற்காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் வந்தன. ஆசிரியர் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பார். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று பாடம் படிப்படியாக ஏறும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். நல்ல முறைதான். ஆனால் சேரிப் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை.

வாய்ப்பாடமாக வந்த விசுவாசம்

புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது அச்சிறுவரையே அனுப்பினார். அவர்கள் போய்ச் செபம் சொல்லி, வீட்டிலிருந்த பெரியவர்களுக்கும் கற்பித்தார்கள். கற்ற பிள்ளை கற்பிக்கும் பிள்ளையாக மாறியதை இங்கே காண்கிறோம்.

1578இல் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய அந்த முதல் நூல் 16 பக்கங்களே கொண்டது. அரசரின் புகழையோ போரின் கதையையோ அது சொல்லவில்லை. எளியவருக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் சிறு நூல் அது.

நம் மாவட்டத்து ஆவூரில் 1697இல் புஷே அடிகளார் ஆலயம் எழுப்பிய காலத்திலும் கற்பிக்கும் முறை இதுவேதான். குருவானவர் எப்போதோ ஒருமுறை வந்து போவார். மற்ற நாட்களில் உபதேசியாரே ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர் சொல்ல இவர்கள் சொல்ல, பரலோக மந்திரமும் விசுவாச மந்திரமும் பாடமாக்குவார். விசுவாசம் நம் ஊர்களில் வேரூன்றியது அந்த உபதேசிமார்களின் தொண்டையால்தான். அவர்களில் பலருடைய பெயர் கூட எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஒரு சுழியின் பெருமை

செபத்தைச் சொல்ல வாய் போதும். வாசிக்கவோ எழுத்து வேண்டும். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகத்தில் உழைத்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராக நாம் அறிவோம். முதல் வகுப்புப் பிள்ளைக்கு அவர் செய்த உதவியை நினைப்பவர் சிலரே. ஓலைச் சுவடியில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. அதனால் எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. 'தொடு' என்பதா, 'தோடு' என்பதா? வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இந்த மயக்கத்தை நீக்கினார். இன்று நம் பிள்ளை 'ஓ' எழுதும்போது அடியில் ஒரு சுழி போடுகிறதே, அந்தச் சுழியில் அவருடைய நினைவு இருக்கிறது. ஊகிக்கத் தெரிந்த புலவருக்கு அந்தச் சுழி தேவைப்படவில்லை. புதிதாக வாசிக்க வரும் எளியவனுக்கே அது தேவைப்பட்டது.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லம் ஒன்று இருந்தது. 1789இல் அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய ஆசிரியர்கள் இதைச் செய்யத் தயங்கியபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசானாக வைத்தார். வகுப்பு நன்றாக நடந்தது. இதை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட, இங்கிலாந்துப் பள்ளிகளில் 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. நம் திண்ணையின் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போன கதை இது.

விரல் ஒரு வரியில், வாய் ஒரு வரியில்

இனி நம் காலத்துக்கு வருவோம். முதல் வகுப்பில் நம்மிடம் இருந்தவை ஒரு சிலேட்டு, ஒரு குச்சி, துடைக்கக் கோவை இலை. சின்னக் குறிப்பிடம் முழுவதையும் தடங்கலின்றி ஒப்பித்ததற்காக மாதாவின் படம் ஒன்றைப் பரிசாகப் பெற்று, ஊரெல்லாம் காட்டித் திரிந்தோம். ஒரு நாள் ஆசிரியை நம்மை அழைத்து, அதே புத்தகத்தைத் திறந்து, வரியில் விரல் வைத்து வாசிக்கச் சொன்னார். நாம் கணீரென்று சொன்னோம். அவர் குனிந்து பார்த்தார். நம் விரல் ஒரு வரியில் இருந்தது, வாயோ நான்கு வரி தாண்டிப் போயிருந்தது! அவர் அடிக்கவில்லை. வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடி மணலுக்கு அழைத்துச் சென்று, நம் பெயரை எழுத வைத்தார். படித்ததாக நாம் எண்ணிக்கொண்டிருந்தது படிப்பல்ல என்பது அன்றுதான் விளங்கியது.

நாம் தொடக்கப் பள்ளியில் இருந்தபோதுதான், 1978இல், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய துதிக்கை வடிவ 'லை'யை விட்டுப் புதிய 'லை'யை எழுத நம் தலைமுறையினர் பட்ட பாட்டை, இதை வாசிக்கும் நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த வகுப்பில் எழுத்தோடு வேறொரு பாடமும் நடந்தது. நம் மறைத்தளங்கள் பலவற்றில், வெட்கத்தோடு சொல்கிறோம், கோவிலில் அமரும் இடத்திலும் கல்லறையிலும் கூடச் சாதிப் பிரிவு நிலவியது. பள்ளியின் மணைப்பலகையிலோ உயர வரிசைப்படிதான் உட்கார வைத்தார்கள். மதிய உணவில் ஒரே பந்தி. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் படித்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் நல்லொழுக்கப் பாடம் படித்தார்கள். ஆலயத்தில் முதியவர்கள் கற்கத் தயங்கியதை முதல் வகுப்புச் சிறுவர்கள் பலகையில் கற்றார்கள்.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல் குவாரிகளில் உழைத்த பெண்களும் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். நம் பங்கின் பாட்டி ஒருவர் தம் பேத்தியின் சிலேட்டிலேயே கையெழுத்துப் பழகினார். சவேரியார் காலத்துச் சிறுவர்கள் செய்ததை அந்தப் பேத்தியும் செய்தாள்.

இன்றைய நிலை

இன்று வசதிகள் பெருகியுள்ளன. முதல் மூன்று வகுப்புகளுக்கென அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் நம் பங்கில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளைக் காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விடுகிறது. நாம் பெற்றோரைக் குறைகூறவில்லை. தம் பிள்ளை முன்னேற வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் உண்டோ? நம் பள்ளியில் எஞ்சியிருப்பவர்கள், கல் உடைக்கவும் சித்தாள் வேலைக்கும் விடியுமுன் போய்விடும் பெற்றோரின் பிள்ளைகள்.

சென்ற ஆண்டு தாளாளர் என்ற முறையில் நாம் இரண்டாம் வகுப்புக்குச் சென்றோம். ஒரு சிறுமி பாடத்தை அழகாக வாசித்தாள். குனிந்து பார்த்தோம். விரல் ஒரு வரியில், வாய் ஒரு வரியில்! ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த நம்மையே அங்கு கண்டோம். குற்றம் அச்சிறுமியுடையதன்று, அவளுடைய ஆசிரியையுடையதுமன்று. வீட்டில் அவள் வாசிப்பதைக் கேட்க ஆளில்லை. பங்கு முழுவதும் பக்கத்திலிருந்தும் நாமும் கேட்கவில்லை.

ஆகவே இந்த ஜூபிலிக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டுமென்றால், இதைச் செய்வோம். சனிக்கிழமை மாலைதோறும் அரை மணி நேரம், எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி, நம் பங்கின் பெரிய பிள்ளைகள் கோவில் தாழ்வாரத்தில் சிறு பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கட்டும். வாசிக்கத் தெரிந்த தாய்மாரும் பாட்டிமாரும் வரட்டும். செலவு ஒன்றுமில்லை. விரல் வைத்த இடத்தில் வாய் நிற்கிறதா என்று பார்க்க அன்புள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். முதல் வாரத்தில் நாமும் வந்து உட்காருவோம்.

நம் ஆண்டவர் எழுதியதாக நற்செய்தியில் நாம் காணும் இடம் ஒன்றே. குனிந்து, தரையில், விரலால் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டுத் தனியே நின்ற ஓர் எளியவளுக்காகக் குனிந்தார் என்பது மட்டும் தெரிகிறது. நாமும் நம் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகக் குனிவோமாக. குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசு, நம் பங்கின் ஒவ்வொரு பிள்ளையையும் அதற்கு எழுத்தறிவிக்கும் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.