கிட்டார் பெட்டிக்குள்ளே 2048 எண்கள்

எலக்ட்ரிக் கிட்டார் சத்தம்னா கிட்டார், வாசிக்கிறவரோட விரல், மிஞ்சிப்போனா ஆம்ப், இவ்வளவுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அந்தச் சத்தத்துல பெரிய பங்கு, யாருமே கண்டுக்காத ஒரு மரப்பெட்டிக்கு உண்டு. அதாங்க ஸ்பீக்கர் கேபினெட். அந்தப் பெட்டி எப்படி ஒரு சின்ன ஃபைலா மாறுச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

கிட்டார் ஸ்பீக்கர் அடிப்படையில ஒரு குறையுள்ள ஸ்பீக்கர். வீட்டு ஸ்டீரியோ 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டப் பார்க்கும். 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 தாண்டினதுமே மடமடன்னு இறங்கிடும். அந்தக் குறைதான் இங்கே வரம். டிஸ்டார்ஷன் ஏத்தின ஆம்ப் சிக்னலை நேரா ஹெட்ஃபோன்ல கேட்டுப் பாருங்க, தகர டப்பாவுல குளவி மாட்டின மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்தான் அந்த எரிச்சலை வடிகட்டுது.

இதை வச்சு விளையாடினவங்க நிறைய. 1964-ல தி கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ், தன் ஸ்பீக்கர் கோனை பிளேடால கிழிச்சு வாசிச்சார். அதே காலத்துல லண்டன்ல டிரம் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷல், நாலு செலஸ்டியன் ஸ்பீக்கரை ஒரே பெட்டியில அடைச்சார். பிற்பாடு ராக் இசையின் அடையாளமே அந்தப் பெட்டிதான்.

1965-ல ஷூர் எஸ்எம்57 மைக் வந்தது. ஸ்பீக்கர் நடுவுல வச்சா கூர்மையான ஒலி, ஓரத்துக்கு ஒரு இஞ்ச் நகர்த்தினா மழுங்கின ஒலி. ஒண்ணு பத்தாதுன்னு இஞ்சினியர்கள் ரெண்டு மைக் வச்சுக் கலக்க ஆரம்பிச்சாங்க. ஸ்வீடன்ல ஃப்ரெட்மன் ஸ்டுடியோ நடத்தின ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமோட முறை ரொம்பப் பிரபலம்: ஒரு எஸ்எம்57 நேரா, இன்னொண்ணு 45 டிகிரி சாய்வா.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஒலி 1 மில்லிசெகண்டுல சுமார் 34 செ.மீ. போகும். ஒரு மைக் 8.5 செ.மீ. தள்ளியிருந்தா, கால் மில்லிசெகண்ட் தாமதம். 2,000 ஹெர்ட்ஸ்ல அது சரியா அரை அலை. ஒண்ணு மேலே போறப்ப இன்னொண்ணு கீழே போகும். கிட்டாரோட முக்கியமான இடமே காலி!

சரி, பெட்டியே இல்லாம வாசிக்க முடியாதா? எம்ஐடி-யில படிச்சு போலராய்டுல வேலை பார்த்த டாம் ஷோல்ஸ் (பாஸ்டன் குழுவேதான்) 1982-ல ராக்மேன் கொண்டுவந்தார். இடுப்புல மாட்டிக்கற சைஸ். கேபினெட்டை ஃபில்டர்கள் வச்சுப் போலி செஞ்சது. 1998-ல லைன் 6 பாட் டிஜிட்டல்ல அதைத் தொடர்ந்தது.

அசலுக்கு இன்னும் நெருங்க வேற வழி இருந்தது. கோயில் மண்டபத்துல ஒரு கைதட்டு தட்டுங்க. திரும்பி வர்ற எதிரொலியில மண்டபத்தோட குணம் முழுசும் இருக்கும். அதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். கேபினெட்டுக்கு 2048 எண்கள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 43 மில்லிசெகண்ட், தாராளமாப் போதும். ஆனா நேரடியாக் கணக்குப் போட்டா செகண்டுக்குக் கிட்டத்தட்ட 10 கோடி பெருக்கல்! 1965-ல கூலியும் டூக்கியும் வெளியிட்ட எஃப்எஃப்டி அதைக் குறைச்சது, ஆனா தாமதத்தைக் கூட்டியது. வில்லியம் கார்ட்னர் 1995-ல தாமதமில்லாத வழியை எழுதினார். 2000-ல ஏஞ்செலோ ஃபரினா, கைதட்டுக்குப் பதிலா கீழிருந்து மேலே ஏறுற ஸ்வீப் ஒலியால அளக்கிற முறையைத் தந்தார். கச்சேரி ஹாலுக்காக எழுதின ரிவெர்ப் மென்பொருள்ல கிட்டார்காரங்க கேபினெட்டை ஏத்திட்டாங்க. :-) 2017-ல செலஸ்டியனே தன் ஸ்பீக்கர்களை இப்படி ஃபைலா விற்க ஆரம்பிச்சது.

இப்பக் கலக்கறதுக்கு வருவோம். கன்வல்யூஷன் கூட்டலுக்குக் கட்டுப்பட்டது. ரெண்டு ஐஆர்-ல ஒண்ணை 70 சதவீதம், இன்னொண்ணை 30 சதவீதம் எடுத்துக் கூட்டி ஒரே ஐஆர் ஆக்கினா, ரெண்டு மைக்கை மிக்ஸரில் கலந்ததுக்கும் அதுக்கும் கணக்குப்படி வித்தியாசமே இல்லை. ஆனா அந்தக் கால் மில்லிசெகண்ட் வில்லங்கமும் கூடவே வரும். 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 12 சாம்பிள். சரிபார்க்க பழைய ஸ்டுடியோ வித்தைதான்: ஒண்ணோட போலாரிட்டியைத் தலைகீழாக்குங்க, ஒலி ரொம்ப ஒல்லியாகிற இடம் வரை நகர்த்துங்க, அப்புறம் போலாரிட்டியைத் திருப்பிடுங்க. அவ்ளோதான்.

எல்லாம் ஃபைலுக்குள்ள வந்துடுச்சான்னா, இல்லை. ஐஆர் நேரியல் சமாச்சாரம். ஸ்பீக்கரை உச்ச சத்தத்துல விரட்டும்போது கோன் தானே சேர்க்கற டிஸ்டார்ஷன் இதுல வராது. டேவ் டேவிஸோட கிழிஞ்ச கோனை அளந்தாலும், கிழிசலோட அதிர்வு முழுசா மாட்டாது.

ஆனாலும் கிடைச்சது சின்ன விஷயமில்லை. ராத்திரி 11 மணிக்கு அபார்ட்மென்ட்ல, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாம, நாலு ஸ்பீக்கர் பெட்டியை வாசிக்கலாம். எனக்குப் பயமெல்லாம் வேற. அன்னைக்கு ஸ்டுடியோவுல வாடகை மீட்டர் ஓடும். காதுக்குப் பிடிச்ச இடத்துல மைக்கை வச்சு டேப்பை ஓட விட்டாகணும். இன்னைக்கு ஆயிரம் ஐஆர் ஃபோல்டர்ல கிடக்கு, முடிவெடுக்க யாரும் அவசரப்படுத்தறதில்லை. அஞ்சாறு ஐஆரைச் சேர்த்துக் குழப்பினா எந்தப் பெட்டியோட முகமும் தெரியாமப் போகும். கூர்மையா ஒண்ணு, மழுங்கலா ஒண்ணு, ரெண்டு போதும். அரைமணி நேரத்துல முடிவு பண்ணிட்டு ஃபோல்டரை மூடிட்டு வாசிங்க மக்களே!